பெரிய மீனை மகளுக்குக் கொடு

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீங்களும் அண்ணனும் எப்படி என்று இந்த முறையாவது நாலு வரி சேர்த்து எழுதுங்கள். போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது. ஆலையின் சோதனைக்கூடத்துக்கு அண்ணன் தலைவரானாலும் ஆனார், உங்கள் எழுத்துக்குப் பஞ்சம் வந்துவிட்டது.

வழக்கம்போல பஸ் டிரைவரிடம் டப்பாவைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு விரால், ஒரு பெரிய கெளுத்தி. சுத்தம் செய்து, உப்புத் தடவித்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். இவர் வலையில் பெரிதாக எது விழுந்தாலும், "இது மச்சான் வீட்டுக்கு, நமக்குப் பொடி மீன் போதும்" என்று தனியாக எடுத்துவைத்துவிடுகிறார். கட்டிய பெண்டாட்டி மேல் இல்லாத பாசம் மச்சான் மேல்!

அப்புறம், நீங்கள் திருப்பி அனுப்பும் டப்பா கண்ணாடியாகப் பளபளக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் பாத்திரம் தேய்க்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட அண்ணியா இது என்று சிரித்துக்கொண்டேன்.

சரி, சேதிக்கு வருகிறேன். உங்கள் மருமகள், அதுதான் என் மகள், முழுகாமல் இருக்கிறாள். மூன்று மாதம். மாப்பிள்ளைக்கு ஊர் ஊராகச் சுற்றும் வேலை என்பதால் அடுத்த மாதமே இங்கே வந்துவிடுவாள். பிள்ளை பெற்று எழுந்துதான் போவாள். இவர் இப்போதே தொட்டில் செய்யப் பலகை தேடுகிறார். எதிலும் அவசரம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஊரில் ஆலைக் குழாய் நம் ஆற்றில் விழும் இடத்தில் பாதரசம் கலக்கிறது என்று படகுக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் பாதரசத்தைப் பார்த்ததெல்லாம் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சியில்தான். நம் வீட்டுப் பூனை வேறு பத்து நாளாகக் குடிகாரன் மாதிரி சுவரில் மோதி நடக்கிறது. பூனை எப்படியோ போகட்டும். மாசமான பெண் வரப்போகிற வீடு. அண்ணனிடம் கேட்டு எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். அவர் சொன்னால் நான் நிம்மதியாக இருப்பேன்.

உங்கள்
வாயாடி நாத்தனார்

•

பிப்ரவரி 19

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேற்றுவரை பாவாடை தடுக்கி விழுந்துகொண்டிருந்த பெண்ணுக்குக் குழந்தையா! நீ பாட்டியாகப் போகிறாய். இனிமேலாவது வாயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

மீன் பிரமாதம். விரால் வாயில் வைத்ததும் கரைந்தது. அண்ணன் இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்டுச் சாப்பிட்டார். உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது.

ஆற்றைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன். வாரம் தவறாமல் ஆற்றுத் தண்ணீரை எடுத்து அவரே சோதிக்கிறாராம். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்று உனக்கு எழுதச் சொன்னார். நாங்களும் குடியிருப்பில் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம்? படகுக்காரர்களுக்கு மெல்ல ஏதாவது அவல் வேண்டும். நீ அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே.

இன்னொன்று. இனி எங்களுக்குப் பெரிய மீன் அனுப்பாதே. நாங்கள் இரண்டே பேர், எவ்வளவுதான் சாப்பிடுவோம்? மாசமாக இருக்கிறவளுக்குத்தான் சத்து வேண்டும். பெரிய மீனை மகளுக்குக் கொடு. இது அண்ணியின் உத்தரவு.

அண்ணன் ஆசி சொல்லச் சொன்னார்.

உன்
அண்ணி

•

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உத்தரவு இங்கே அட்சரம் பிசகாமல் நடக்கிறது. மகள் வந்து மூன்று வாரமாகிறது. தினம் ஒரு வேளையாவது பெரிய மீன். நடுத்துண்டு முழுக்க அவளுக்குத்தான். "அம்மா, கண்ண மூடினா மீன் என்னை முறைச்சுப் பாக்குது, இன்னைக்கு விட்டுடும்மா" என்று கெஞ்சுகிறாள். "அத்தை சொல்லிட்டாங்க, பேசாம தின்னு" என்று உங்களைத்தான் சாட்டையாகப் பயன்படுத்துகிறேன். என் பேச்சை என்றைக்குக் கேட்டாள்? உங்கள் பேர் சொன்னால் தட்டு காலியாகிவிடுகிறது.

அதற்காக உங்களை விட்டுவிடுவேனா? இந்த டப்பாவில் நடுத்தர மீன்தான் ஆறு வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று எழுதினால் கோபித்துக்கொள்வேன்.

பூனை செத்துவிட்டது. கடைசியில் நாலு சுற்று சுற்றி, தானாகவே படித்துறையிலிருந்து ஆற்றில் போய் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பூனையும் அப்படித்தான். மகள் அழுதாள். இந்த நேரத்தில் எதற்கெடுத்தாலும் அழுகைதான். விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது என்கிறாள், உதட்டைச் சுற்றியும். பிள்ளைத்தாய்ச்சி என்றால் ஆயிரம் இருக்கும் என்று மருத்துவச்சி சத்து மாத்திரை கொடுத்திருக்கிறாள்.

நம் டிரைவர் போன வாரம் பஸ்ஸை நடைபாதை மேல் ஏற்றிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் வந்த சைக்கிள் கண்ணிலேயே படவில்லையாம். பாவம், தங்கமான மனுஷன். ஒரு நாளும் உங்கள் டப்பாவை மறந்ததில்லை.

தண்ணீர் சுத்தம் என்று அண்ணன் சொன்னதை இவர் படகுத்துறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "எம் மச்சானே சோதிக்கிறாருய்யா, உங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒரே பெருமை. அதன்பிறகு அங்கே பேச்சு அடங்கிவிட்டது.

உங்கள்
வாயாடி

•

மே 2

அன்பு நாத்தனாருக்கு,

வேலை கொஞ்சம் அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். மீன் வந்தது. நன்றாக இருந்தது.

மகளுக்கு எப்போதும் மீனையே கொடுத்துக்கொண்டிருக்காதே. கீரை, காய், பால் எல்லாம் மாற்றி மாற்றிக் கொடு. எதுவும் அளவோடு இருந்தால் நல்லது. இதை நான் சும்மா பொதுவாகத்தான் சொல்கிறேன். நீ உடனே ஏன் எதற்கு என்று கிளம்பாதே.

பூனை விஷயத்தை வெளியே பேசவேண்டாம். ஊர்வாய் பொல்லாதது. ஏற்கெனவே ஆலை மேல் கண் வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம்தான். அவர் பேரையும் இதில் இழுக்கவேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடமும் உன் வீட்டுக்காரரிடமும் பக்குவமாகச் சொல்.

உன்
அண்ணி

•

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

பெண் குழந்தை! தாயும் சேயும் நலம். அண்ணனுடைய மூக்கு அப்படியே வந்திருக்கிறது. பாவம், பெண் பிள்ளைக்கு அந்த மூக்கா என்று இவர் சொல்கிறார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எனக்கு இவளைவிட அழகி இந்த உலகத்தில் இல்லை.

பால் குடிக்கத்தான் தடுமாறுகிறாள். உறிஞ்சத் தெரியவில்லை. பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஒரு நாள் இரண்டு பேரும் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். பஸ்ஸில் ஏறினால் மூன்று மணி நேரம். நம் பழைய டிரைவர் இப்போது இல்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். புதிய ஆளிடம் டப்பாவைக் கொடுக்க மனம் வரவில்லை. நீங்கள் வரும்போது இங்கேயே சமைத்துப் போடுகிறேன்.

வழிமேல் விழிவைத்து,
உங்கள் வாயாடி

•

நவம்பர் 27

அண்ணி,

ஆகஸ்டில் எழுதியதற்குப் பதில் இல்லை. அக்டோபரில் எழுதியதற்கும் இல்லை. உடம்புக்கு என்னவோ என்று பயந்துகொண்டிருந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. ஏன் எழுதவில்லை என்று தெரிந்துவிட்டது.

முதலில் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று மாதம் முடிந்துவிட்டது. தலை நிற்கவில்லை. கைகளை இறுக்கி மடக்கிக்கொண்டே இருக்கிறாள். முகத்துக்கு நேரே விளக்கைக் காட்டினாலும் கண் அதன் பின்னால் போவதில்லை. கைதட்டினால் திரும்புவதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் என்ன சாப்பிடுவீர்கள், எந்த மீன், எவ்வளவு பெரிது என்றுதான் துருவித் துருவிக் கேட்டார். பிறகு எங்கள் எல்லோருடைய தலையிலிருந்தும் வேரோடு ஒட்டக் கத்தரித்து ஒரு கொத்து முடி எடுத்தார். உடம்பில் சேர்ந்த பாதரசம் முடியில் தெரியுமாம். நிறையத் தெரிந்தது. மகள் முடியில்தான் ரொம்ப அதிகம்.

தண்ணீர் நல்ல தண்ணீர் என்று என் அண்ணன் சோதித்துச் சொல்லியிருக்கிறாரே என்றேன். டாக்டர் கோபப்படவில்லை. "அம்மா, அவரு சொன்னது பொய் இல்ல. அது தண்ணில நிக்காது. சேத்துல போய்ப் படியும். சேத்தைப் புழு திங்கும், புழுவைச் சின்ன மீன் திங்கும், சின்ன மீனைப் பெரிய மீன் திங்கும். மேல போகப்போக விஷம் கூடும். மீனைச் சோதிச்சாரான்னு கேட்டீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. பெரிய மீனில்தான் அதிகமாம், அண்ணி. வயிற்றில் இருக்கும் பிள்ளை தாய்க்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்ளுமாம்.

அப்போதுகூட உங்களைத்தான் நினைத்தேன். ஆறு வருஷமாகப் பெரிய மீனாகப் பொறுக்கி உங்களுக்கல்லவா அனுப்பினேன், என் கையாலேயே அண்ணன் குடும்பத்துக்கு விஷம் வைத்துவிட்டேனே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். வீடு திரும்பியதும் உங்களுக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்று இவரைத் துரத்தினேன்.

தந்தி கொடுக்கப் போனவர், வழியில் எங்கள் வீட்டைத் தேடி வந்துகொண்டிருந்த நம் பழைய டிரைவரைப் பார்த்துக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். ஒரு சட்டைப் பொத்தானைக்கூட அவரால் போட முடியவில்லை. நாக்கு குழறுகிறது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நேரே இருப்பதுதான் தெரிகிறதாம். குழந்தையைப் பார்க்க வந்த மனுஷன், காபியைக் கையில் நடுங்க நடுங்கப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தங்கச்சி, உப்பிட்டவங்கள மறக்கக் கூடாது. ஆறு வருஷம் உன் கை மீனைத்தான் எங்க வீட்ல தின்னோம். உங்க அண்ணி மவராசி. மொத நாளே பஸ் ஸ்டாண்டுல வந்து, 'எங்க வீட்ல யாரும் ஆத்து மீன் திங்கிறதில்லண்ணே, நீங்களே வச்சுக்குங்க, டப்பாவ மட்டும் கழுவிக் கொடுத்துடுங்க, என் நாத்தனாருக்குச் சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படும்'னாங்க. எம் பொண்டாட்டிதான் சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கொடுப்பா."

அவர் நன்றி சொல்ல வந்திருக்கிறார், அண்ணி. என்ன சொல்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

விரால் வாயில் வைத்ததும் கரைந்தது என்று எழுதினீர்களே. அண்ணன் இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்டார் என்று எழுதினீர்களே. ஒரு துண்டு கூட உங்கள் வாசற்படி ஏறவில்லை. அது பரவாயில்லை. பிடிக்காத பண்டத்தைப் பிடித்தது என்று சொல்லாத நாத்தனார்–அண்ணி உலகத்தில் உண்டா? ஆனால், மாசமான பெண் வருகிறாள், பயமாக இருக்கிறது, கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அதற்கு நீங்கள் "பெரிய மீனை மகளுக்குக் கொடு" என்றீர்கள். நீங்கள் தொடாததை, நடுரோட்டில் யாருக்கோ தள்ளிவிட்டதை, என் பிள்ளை வாயில் ஊட்டச் சொன்னீர்கள். அவள் வேண்டாம் என்று கெஞ்சினாள். உங்கள் பேரைச் சொல்லி ஊட்டினேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். நான் கழுத்தை நீட்டவும் இல்லை, கேள்விதான் கேட்டேன்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அண்ணனுக்கு எந்தச் சதையும் ஆடவில்லையா?

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆலையிலிருந்து ஒரு டாக்டர் வந்து, குழந்தைக்கு வந்திருப்பது பரம்பரை வியாதி, ஆற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படகுத்துறையில் இன்னும் நாலு வீட்டில் இப்படிப் பிள்ளைகள் இருக்கின்றன. எல்லாம் பரம்பரையாம். எங்கள் பரம்பரைதானே அண்ணனும்? அதே ரத்தம், அதே தண்ணீர், ஆலைப் புகையும் உங்களுக்குத்தான் பக்கம். மீன் மட்டும்தான் உங்களுக்கு இல்லை. அண்ணன் தலைமுடி ஒரு கொத்தும் உங்கள் தலைமுடி ஒரு கொத்தும் தாளில் மடித்து அனுப்புங்கள். அது சுத்தமாக இருக்கும். அது சுத்தமாக இருந்தால்தான் குற்றம் மீனில் என்று காட்ட முடியும் என்கிறார் டாக்டர். குழாயை அடைத்தால் இனிப் பிறக்கும் பிள்ளைகளாவது தப்பும்.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். முடியை அனுப்புங்கள்.

•

டிசம்பர் 8

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நீ என்ன திட்டினாலும் எனக்குத் தகும்.

ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பார். ஆற்று மீன் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று அண்ணன் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் சொல்வதை ஏன் என்று கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. வேண்டாம் என்று உனக்கு எழுதினால் நீ ஆயிரம் கேள்வி கேட்பாய். ஆலை விஷயத்தை வெளியே பேசமாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆசையாக அனுப்புகிறவள் மனம் நோகக் கூடாது என்றுதான் நன்றாக இருந்தது என்று எழுதினேன். ஒரு தடவை எழுதியபின் மாற்ற முடியவில்லை. மேலும், நீங்கள் எல்லோரும் வருஷக்கணக்காகச் சாப்பிட்டு நன்றாகத்தானே இருந்தீர்கள்?

பெரிய மீனை மகளுக்குக் கொடு என்று நான் எழுதியதாகச் சொல்கிறாய். சத்தியமாக எனக்கு அப்படி எழுதிய நினைவே இல்லை.

முடியைப் பற்றி அண்ணனிடம் பேசினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நானாகவும் அனுப்ப முடியாது. அவர் பேர் அதில் வந்தால் வேலையும் போகும், இந்த வீடும் போகும். இந்த வயதில் நாங்கள் எங்கே போவோம்? ஆலை டாக்டர் நல்லவர். குழந்தையை அவரிடம் கொண்டுவந்தால் அண்ணன் சொல்லிக் கவனித்துக்கொள்ளச் செய்வார். அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் இனி போகாதே. குடும்ப விஷயம் குடும்பத்துக்குள் இருக்கட்டும்.

குழந்தைக்கு இரண்டு சட்டை தைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? நீ எழுதவே இல்லையே. எழுது. அவளை நினைக்கும்போது பெயர் சொல்லி நினைக்க ஆசையாக இருக்கிறது.

என்றும் உன்
அண்ணி

•

டிசம்பர் 20

சோதனைக்கூடத் தலைவரின் மனைவிக்கு,

சட்டைகளை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இரண்டு கைகளுக்கும் சரியாகத் தைத்திருக்கிறீர்கள். இவள் கை அதற்குள் போகாது. மடங்கிய கையை நீட்டினால் அலறுகிறாள். தைப்பதற்கு முன்னால் ஒரு முறை வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எழுதிய நினைவே இல்லை என்கிறீர்கள். இருக்கும். உங்களுக்கு அது போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. பெரிய மீன் வருவது நின்றால் அதைப் பற்றிப் பொய் எழுத வேண்டாம் என்று எழுதியிருப்பீர்கள். அதில் கெட்ட எண்ணம்கூட இருந்திருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பகையாளி என்றால் என்னை நினைத்தாவது செய்திருப்பான்.

இவர் படகுத்துறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வலையை விற்றாகிவிட்டது. "எம் மச்சான் சொன்னாருன்னு சொல்லி அத்தனை பேரையும் திங்க வச்சது நான்தானே" என்கிறார். அந்த நாலு வீட்டுக்கும் போய் வாசலில் நின்றுவிட்டு வந்தார். ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டார்கள். மற்ற வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மகள் என்னிடம் பேசுகிறாள். ஆனால் நான் தட்டில் எது வைத்தாலும் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறாள். பெற்றவள் போட்ட சோற்றை அப்படிப் பார்க்கிறாள். நான் உங்களை நம்பினேன், அவள் என்னை நம்பினாள்.

டாக்டரிடம் உங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். டிரைவர் சொன்னதை டாக்டர் முன்னாலேயே சொல்ல வைத்தேன். எழுதிய தாளில் டிரைவர் பெருவிரல் ரேகை வைத்தார், பேனா பிடிக்க முடியவில்லை. டாக்டரே உங்கள் வாசலுக்கு வருவார். முடி கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். வேலை போகும், வீடு போகும் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே என்ன போனது என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

இனி எனக்கு எழுதவேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.

குழந்தையின் பெயரைக் கேட்டிருந்தீர்கள். வைத்தாகிவிட்டது. நல்ல பெயர். மகளே தேடி வைத்தாள். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்பதில்லை, ஆனாலும் நாளெல்லாம் ஆளுக்கு ஆள் மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பெயரை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

குழந்தையின் பாட்டி